உப்புச் சேற்றில் நிற்கும் கோரை: சிங்கப்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய் ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைக் குச்சிகள் கூட்டமாக நிற்கின்றன. இலையே இல்லை. இது என்ன புல்? – ஈசூன் வாசகர்

புல் இல்லை, கோரை. ஒரு தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், கணுக்கணுவாக வளரும். இந்தத் தண்டில் அடியிலிருந்து பூங்கொத்து வரைக்கும் கணுவே கிடையாது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற சோறு இருக்கும். எல்லாக் கோரைக்கும் தண்டு முக்கோணமாக இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் இலையுறையைப் பாருங்கள். கோரையில் அது தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். புல்லில் பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சைப்பரஸ் மலாக்கென்சிஸ் என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. பக்கத்து ஊரான மலாக்காவின் பெயரைச் சுமந்தாலும், ஈராக்கிலிருந்து ஜப்பான் வரையிலும் தெற்கே ஆஸ்திரேலியாவின் வட கரையிலும் இது வளர்கிறது. இலை அடியில் வெறும் உறையாகச் சுருங்கியிருக்கும். உணவு தயாரிக்கிற வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. சேற்றுக்குள் மட்டத்தண்டு கிடையாக ஓடி வரிசையாக முளைவிடும். அதனால் நீங்கள் பார்த்த கூட்டம் முழுவதும் ஒரே செடியாகக்கூட இருக்கலாம்.

இது பூக்குமா? – பொங்கோல் வாசகர்

பூக்கும். உச்சியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய ஊசிகள் போல விரிந்திருக்கிறதே, அதுதான் பூங்கொத்து. ஒரு கைலென்ஸ் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு ஊசியிலும் இரண்டு வரிசையாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். ஒரு செதிலுக்கு ஒரு பூ. இதழ் கிடையாது, மூன்று மகரந்தத் தாள், மூன்றாகப் பிரிந்த சூல்முடி, அவ்வளவுதான். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோவதால் நிறமும் மணமும் தேவைப்படவில்லை.

உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது? – ஜூரோங் வாசகர்

அலையாத்தி இலையையோ கழுதைமுள்ளி இலையையோ வெயில் நேரத்தில் பார்த்தால் உப்பு பொடியாகப் படிந்திருக்கும். உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. கோரையில் அந்தச் சுரப்பி இல்லை. பெருமளவு உப்பை வேரிலேயே தடுக்கிறது. மீறி வருவதைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் ஒதுக்கி வைக்கிறது. மழைநீரும் ஆற்றுநீரும் கலந்த உவர்நீர்தான் இதற்குப் பிடித்தம்.

உப்பைவிடப் பெரிய சிக்கல் மூச்சு. சதுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அடையாளம் அது. அந்தச் சேற்றில் உயிரோடு இருக்க வேண்டிய வேருக்குத் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக மேலிருந்து காற்று இறங்குகிறது. வேரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் வெளியேயும் கசியும். கறுத்த சேற்றுக்கு நடுவில் வேரை ஒட்டி மட்டும் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரிந்தால், அது சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்து உண்டானது. இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் கோரையைக் களை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கிலாந்தில் பரந்த உப்புச் சதுப்புவெளிகளைப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஏன் இல்லை? – புக்கிட் தீமா வாசகர்

உறைபனி அலையாத்தி மரங்களைக் கொன்றுவிடும். குளிர்நாட்டில் அவை இல்லாததால் புல்லும் கோரையும் கடலோரத்தை எடுத்துக்கொள்கின்றன. இங்கே சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் நடந்தால் தெரியும், மரங்கள்தான் ராஜா. கோரைக்குக் கிடைப்பது வெளிச்சம் விழும் இடைவெளியும் நிலத்தை ஒட்டிய ஓரமும்தான்.

பத்தமடைப் பாய் இந்தக் கோரையில் நெய்வதா? வெட்டி முடைந்து பார்க்கலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பத்தமடையில் பயன்படுத்துவது வேறொரு கோரை, சைப்பரஸ் பாங்கோரை. தாமிரபரணிக் கரையில் நன்னீரில் வளர்வது. ஆனால் வியட்நாமில் கிம் சோன், ங்கா சோன் பகுதிகளில் நீங்கள் கேட்ட உப்புக் கோரையைப் பயிராகவே வளர்த்துப் பாய் நெய்கிறார்கள். சிங்கப்பூரில் வெட்ட வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிச் செடியைப் பறிப்பது குற்றம். பாய் முடைய ஆசையென்றால் காய்ந்த கோரையை ஊரிலிருந்து வரவழைப்பதுதான் வழி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டியில் கோரை. பிடுங்கப் பிடுங்க வருகிறது! – செங்காங் வாசகர்

அது கோரைக்கிழங்குச் செடி, சைப்பரஸ் ரொட்டண்டஸ். தேக்கா நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் அதே கிழங்குதான். மண்ணுக்குள் கிழங்குகள் நூல் போன்ற தண்டால் சங்கிலியாக இணைந்திருக்கும். பிடுங்கினால் நூல் அறுந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். கறிவேப்பிலையைப் பெயர்த்து, வேரில் சிக்கிய கிழங்குகளைக் கையால் எடுத்துவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணைச் சலித்து, கிடைக்கும் கிழங்குகளை நல்ல வெயிலில் சுருங்கும்வரை காயப்போட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். ஈரத்தோடு பக்கத்துத் தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.