சிறப்புப் பள்ளியில் படிக்கும் என் மகனைக் கோடைக்கால வகுப்புக்கும் அனுப்ப வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். மகனுக்கு 9 வயது, ஆட்டிசம், சிறப்புப் பள்ளியில் இது மூன்றாவது வருடம். பள்ளியிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதல் பக்கம் முழுக்க வசந்த காலத்தில் செடி நட்டது, விளையாட்டு விழா நடத்தியது, அதன் படங்கள். இரண்டாம் பக்கத்தில் ஐந்து வாரக் கோடை நிகழ்ச்சி பற்றிய அறிவிப்பு. "வருடம் முழுக்க விளையாட்டாகவே போகிறது, இதில் கோடையிலும் அனுப்பத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதினொரு வருடமாகச் சிறப்பாசிரியர். அதில் ஆறு வருடமாக இந்த மாதிரிச் சுற்றறிக்கையை எழுதுவதும் என் தலையில்தான். அதனால் அதில் எதைப் போடுவோம், எதை விட்டுவிடுவோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இடம் குறைவு, படம் போட வேண்டும், எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளையைப் படத்தில் தேடுவார்கள். 'விதை நட்டு மகிழ்ந்தோம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆறு வாரம் இருக்கும்.

அந்த விதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் எல்லாரையும் போலத் தொட்டியில் மண் போட்டு, விதையைப் புதைத்து, 'காத்திருப்போம்' என்றேன். ஒரு பையன் தினமும் காலையில் வந்ததும் விதையைத் தோண்டி எடுப்பான், உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான், திரும்பப் புதைப்பான். நாலாம் நாள் விதை அழுகிவிட்டது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே வளர்கிறது என்று நம்பச் சொன்னேனே, அதுதான் தப்பு.

மறு வருடம் கண்ணாடி டம்ளருக்கு மாறினோம். உள்ளே ஈரப் பஞ்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதை. வேர் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். பீன்ஸ் விதைக்கு ஒரு வாரம் வரை ஆகும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாத பிள்ளைக்குக் கடுகு கொடுப்போம், இரண்டு மூன்று நாளில் முளை தெரிந்துவிடும். மண்ணைத் தொடவே கூசுகிற பிள்ளைகளுக்கும் இது தோதாக இருந்தது. தண்ணீர் ஊற்றும் குவளையில் சிவப்பு டேப் ஒட்டி, 'சிவப்புவரை' என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தக் கோட்டில் கையை நிறுத்த அந்தப் பையனுக்குப் பதினேழு நாள் ஆனது. நிறுத்திய அன்று குழாயைத் தானே மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

இதில் என்ன படிப்பு என்று கேட்பீர்கள். குவளையை எடு, சிவப்புவரை ஊற்று என்பது இரண்டு படி கொண்ட கட்டளை. அது அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.இ.பி.யில், எழுதப்பட்டிருந்த இலக்கு. தண்ணீர் வேண்டும் என்று பட அட்டையை எடுத்து நீட்டுவது இன்னொரு இலக்கு. அடுத்தவன் முறை முடியும்வரை நிற்பது மூன்றாவது. இதையே மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மேஜையில் மட்டும்தான் செய்வான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரிய சிரமம். இதைத் தெரிந்துகொண்ட அவன் அம்மா வீட்டில் அவன் தண்ணீர் குடிக்கிற டம்ளரிலும் ஒரு சிவப்பு டேப் ஒட்டினார். தரையெல்லாம் தண்ணீர் கொட்டுவது அதோடு நின்றது என்றார்.

சுற்றறிக்கைகளில் வரும் மார்ச் 21, ஏப்ரல் 2 போன்ற சிறப்பு நாள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். அதனால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி உலக டவுன் சிண்ட்ரோம் நாள். அன்று ஜோடி சேராத காலுறை போட்டு வருவார்கள். ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐ.நா. பொதுச்சபை 2007இல் தீர்மானம் போட்டு, 2008 முதல் நடக்கிறது. படம் எடுக்க நல்ல நாள்கள். ஆனால் பலூன், ஒலிபெருக்கி, கைதட்டல் என்று வைத்துவிட்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். யாருக்காக அந்த விழா என்று கேட்கத் தோன்றும்.

விளையாட்டு விழா அப்படியில்லை. அதற்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் வக்காலத்து வாங்குவேன். இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1962இல், அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், அமெரிக்காவின் மேரிலாந்தில் தன் வீட்டு வளாகத்திலேயே அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அதன் முதல் போட்டி 1968 ஜூலையில் சிகாகோவில் நடந்தது. ஒரு வீட்டு முற்றத்தின் கோடை முகாம் அது, கவனித்தீர்களா?

எங்கள் விழாவில் எனக்குப் பிடித்தது 'போச்சா' (Boccia) என்ற பந்து விளையாட்டு. ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைக்கு யார் அருகில் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கிறது. கையால் எறிய முடியாதவர் சரிவுப் பலகை வழியாகப் பந்தை உருட்டலாம். அந்தப் பலகையைப் பிடிக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று விளையாடுபவர்தான் சொல்ல வேண்டும். பெருமூளை வாதம் உள்ள ஒரு பெண் எங்களிடம் இருந்தாள். பேச்சு வராது, கண்ணாலும் பட அட்டையாலும்தான் எல்லாம். பலகையை நான் பிடித்திருந்தேன். இடது என்று காட்டினாள், கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி இடது. மறுபடி. எனக்குப் பொறுமை போய்விட்டது, 'போதும்மா' என்றேன். அவள் அட்டையை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பந்து உருண்டு வெள்ளையைத் தொட்டு நின்றதாம். நான் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது.

சரி, உங்கள் கோடைக் கேள்விக்கு வருகிறேன்.

நீண்ட விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் மறப்பார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் திரும்பப் பிடித்துவிட்டால் கவலையில்லை. சில பிள்ளைகளுக்கு இழப்பும் அதிகம், திரும்பப் பிடிக்க மாதக்கணக்கும் ஆகும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், வருடத்துக்கு 180 நாளுக்கு மேல் வகுப்பு கிடையாது என்ற வரம்பை எதிர்த்துப் பெற்றோர் வழக்குப் போட்டு 1979இல் வென்றது இதை வைத்துத்தான். இன்றும் அங்கே, விடுமுறையிலும் வகுப்பு தொடரும் 'நீட்டிக்கப்பட்ட பள்ளி ஆண்டு' என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் தானாகக் கிடைப்பதில்லை. எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே சுற்றறிக்கையில் நீச்சல் இருக்கிறதா, இசை இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். போன விடுமுறை முடிந்து வந்தபோது மகன் எதை மறந்திருந்தான், அதைத் திரும்பப் பிடிக்க எத்தனை வாரம் ஆனது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நாங்கள் குறித்து வைத்திருப்போம். வைத்திருக்காவிட்டால், அடுத்த விடுமுறைக்கு முன்னாவது குறித்துவையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கழிப்பறைப் பழக்கம், பட அட்டையிலோ பேச்சுக்கு உதவும் கருவியிலோ கேட்டு வாங்குவது, தானே சாப்பிடுவது இந்த மூன்றில் ஏதாவது பாதி வழியில் இருந்தால், என் கணக்குப்படி அனுப்புவது நல்லது. பாதியில் விட்டால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எழுத்து, எண் எல்லாம் காத்திருக்கும்.

அனுப்பினாலும் முதல் நாளே முழு நாள் வேண்டாம். இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு வருடம் கோடை நிகழ்ச்சியின் முதல் வாரமே உள்ளரங்க நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனோம். தண்ணீர் என்றால் உயிரை விடும் ஒரு பையன், வாசலிலேயே தரையில் படுத்துவிட்டான். நாற்பது நிமிடம் எழுந்திருக்கவில்லை. பயம் தண்ணீரைக் கண்டு வரவில்லை. உள்ளரங்கில் எல்லாச் சத்தமும் சுவரில் மோதித் திரும்பி வரும், குளோரின் நெடி வேறு. தண்ணீர் பிடிக்குமா என்று மட்டும் படிவத்தில் கேட்டிருந்தேன், குளத்தை முன்கூட்டியே போய்ப் பார்க்கவில்லை. அடுத்த முறை ஆள் இல்லாத நேரத்தில் போய் வாசலிலிருந்து தண்ணீர்வரை ஆறு படம் எடுத்துவந்து, 'இங்கே சத்தம் எதிரொலிக்கும், ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம்' என்று சின்னக் கதையாக்கி ஒரு வாரம் படித்துக் காட்டினோம். அன்று இறங்கினான். பதினைந்து நிமிடம்தான், அப்புறம் கிளம்பிவிட்டோம்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். எந்த அறை, எந்த வாசல், யார் ஆசிரியர் என்று படம் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் கோடையில் கட்டிடமும் மாறும், ஆளும் மாறும், வண்டியும் மாறும். தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு நிகழ்ச்சி நிரலைவிட அது முக்கியம்.

சுற்றறிக்கையில் பெரும்பாலும் வராத உடம்பு விஷயங்கள் சில உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் டோபிராமேட், சோனிசமைடு இரண்டும் சில பிள்ளைகளுக்கு வியர்வையைக் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடல் சூடு இறங்காது. வெயிலில் விளையாடும் நேரம் இருந்தால் மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதி, மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று உங்கள் மகனுக்கானது அல்ல, படிக்கிற மற்றவர்களுக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாகக் குதிப்பது, டிராம்போலின் இதெல்லாம் மருத்துவர் சொன்ன பிறகுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளை சொல்லாமல் கிளம்பிப் போகிற பழக்கம் உடையவன் என்றால், போகிற இடத்தில் குளமோ குட்டையோ இருக்கிறதா, கதவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தண்ணீர் இந்தப் பிள்ளைகளை ஈர்க்கும். மூழ்கும் ஆபத்து இவர்களுக்கு அதிகம்.

அனுப்பாமல் விட்டால் குடி முழுகிப்போகுமா? போகாது. வருடம் முழுக்கத் தெரபி, வகுப்பு, வண்டி என்று ஓடிய பிள்ளைக்கு ஓய்வும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், பள்ளியில் பயன்படுத்தும் அதே பட அட்டைகளை வீட்டிலும் வைத்திருங்கள், பாதியில் இருக்கும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் தினமும் செய்யவையுங்கள். பாடப் பயிற்சித் தாள் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்க வேண்டாம். நடுவில் ஒரு வழியும் உண்டு: ஐந்து வாரத்தில் முதல் இரண்டும் கடைசி ஒன்றும் மட்டும் வருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகள் சுற்றறிக்கையில் போடாது, ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ளும்.

படிவத்தை நிரப்பும்போது, கடைசியில் 'வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால்' என்று ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலும் காலியாகத்தான் வரும், இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள். ஒரு வருடம் ஒரு அப்பா அதில், "கை கழுவும்போது அவனிடம் பேசாதீர்கள். தண்ணீர் நின்ற பிறகு பேசினால் கேட்பான்" என்று எழுதியிருந்தார். மூன்று வருடமாக அந்தப் பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வரியை வெட்டி வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.