மோட்டார்ஹோமின் சஸ்பென்ஷனை மாற்றினால் ஆட்டம் குறையுமா?

குறையும், எதனால் ஆடுகிறது என்று தெரிந்து மாற்றினால். மோட்டார்ஹோம் என்பது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி. சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும் அமைப்பு. அதில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் விடாமல் துள்ளுவதை அடக்கும்.

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் ஏராளமானவை ஃபியட் டுகாட்டோ என்ற சரக்கு வேனின் மேல் கட்டியவை. சரக்கு வேனில் பாரம் ஏறும், இறங்கும். இதிலோ கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று பாரம் இறங்குவதே இல்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் எந்நேரமும் அமுங்கிக் கிடக்கிறது. பள்ளம் வந்தால் மேலும் அமுங்க இடம் போதாமல் 'டம்' என்று இடிக்கும், அலமாரியில் தட்டுகள் குதிக்கும். வண்டியின் உயரமும் அதிகம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டைமேல் இன்னொரு மூட்டையை அடுக்கிவிட்டுத் திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள்; அதே இழுப்புதான், பெரிய லாரி முந்திப் போகும்போதும்.

இடிப்புக்கு, பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பைகள். பக்கவாட்டுச் சாய்வுக்கு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற தடிமனான கம்பி. ஓயாத துள்ளலுக்கு, புது ஷாக் அப்சார்பர். ஆனால் பணம் செலவழிக்குமுன் பயணச் சாமான்களோடு எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே பாருங்கள். டயர் காற்றை அதற்கேற்ப வைத்தாலே சில வண்டிகள் அடங்கிவிடும்.

அப்புறம், காற்றுப் பை போட்டுவிட்டால் கூடுதல் எடை ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 3,500 கிலோவுக்குப் பதிவான வண்டி, மறு அனுமதி வாங்காதவரை 3,500 கிலோ வண்டிதான். பிரேக்கும் டயரும் பழையவைதானே.