எப்படியும் நம் வார்டுக்குத்தான் வருவார்

கேள்வி: ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தங்க இடம், பிழைக்க வழி என்று உள்ளாட்சிகள் ஏதாவது செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் என் மகனுக்குச் செய்யாததைத் தப்பு செய்தவனுக்கு எதற்குச் செய்ய வேண்டும்? நாங்கள் கட்டும் வீட்டுவரி அதற்கா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மகனுக்கு வேலை இல்லாததைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள், நானும் கூட வருகிறேன். மீதிப் பாதியில் கணக்கு உதைக்கிறது. ஜெயிலிலிருந்து வந்தவருக்கு ஒன்றும் செய்யாவிட்டால் செலவு மிச்சம் என்று நினைக்கிறீர்கள். மறுபடி உள்ளே போனால் சோறு, காவல், கோர்ட்டுக்கு அழைத்துப்போக போலீஸ் வண்டி, இதெல்லாம் யார் பணம்?

நீலகிரியில் மத்திய சிறை கிடையாது. தண்டனை வாங்கியவர் கோவைக்குப் போகிறார். முடிந்ததும் மேட்டுப்பாளையம், பர்லியார் என்று பஸ் ஏறி நம் வார்டுக்கே வந்து இறங்குகிறார். அப்படி இறங்கிய ஒருவரைப் போன ஜனவரியில் ஊட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த வாரம் அது. அரைக்கைச் சட்டை. பிடித்தது மே மாதத்தில், அன்று போட்டிருந்ததோடுதான் வந்திருக்கிறார். மஞ்சப்பையில் விடுதலைச் சீட்டு. தேயிலைத் தோட்டத்தில் செடியின் கிளைகளை நறுக்கும் கவாத்து வேலை பார்த்தவராம். கவாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் இறக்க வேண்டும் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் காட்டினார். வேலை போனதும் தோட்டத்தில் கொடுத்திருந்த லயன் வீடும் போயிற்று. குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, ரேஷன் கார்டும் அவர்களோடு. இனி எங்கே என்று கேட்டேன். "மார்க்கெட்ல மூட்டை தூக்கலாம் சார். தெரிஞ்சவங்க சேத்துக்க மாட்டாங்க, தெரியாதவங்களாப் பாத்துத்தான் கேக்கணும்."

அன்றைக்கு அவருக்குத் தேவை ஒரு கட்டில், ஒரு கம்பளி. வீடற்றவர்களுக்கான இரவுத் தங்குமிடம் ஏற்கெனவே நகராட்சிகளின் பொறுப்புதான். தள்ளுவண்டி போட நினைத்தால் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அதற்கான நகர விற்பனைக் குழுவின் தலைவர் நகராட்சி ஆணையர். சிறைக்குப் போனவருக்கு விற்பனைச் சான்று தரக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உங்கள் வீட்டுவரியை ஏற்றச் சொல்லவில்லை, இருக்கிற கதவை அவர் முகத்தில் சாத்த வேண்டாம் என்கிறேன். சிறைத்துறைக்கு நன்னடத்தை அலுவலர்கள் உண்டு, சரி. எந்தக் கடையில் ஆள் தேவை, எந்தச் சந்தில் வாடகை குறைவு என்பது கவுன்சிலருக்கல்லவா தெரியும்?

அமெரிக்காவில் இதற்கென்றே 2008-இல் 'இரண்டாம் வாய்ப்புச் சட்டம்' போட்டு உள்ளாட்சிகளுக்கு மானியம் தருகிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். போகட்டும்.

நம் நகராட்சிகளால் தட்டிக்கழிக்க முடியாத ஒன்று வந்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மூட்டை கேரட்டைக் கிளப்பிய பையனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தப்பு, சரக்கு 5,000 ரூபாய்க்குக் கீழே, அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் அவனுக்கு ஜெயில் இல்லை, சம்பளமில்லாத சமூக சேவைதான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்பவருக்கும் அப்படி விதிக்கலாம். மாஜிஸ்திரேட் இவர்களை எங்கே அனுப்புவார்? கூட்டுவதற்குத் தெருவும் தூர்வாருவதற்கு ஓடையும் வைத்திருப்பது நகராட்சியும் ஊராட்சியும்தானே. வருகைப் பதிவேடு, நாலு மண்வெட்டி, திட்டாமல் வேலை வாங்கத் தெரிந்த ஒரு மேஸ்திரி போதும். (மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம்.) பையன் ஒழுங்காக வேலை பார்த்தான் என்று அந்த மேஸ்திரி ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அடுத்து வேலை கேட்கப் போகும் இடத்தில் காட்ட அவனிடம் ஒரு காகிதம் இருக்கும்.

கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் தொழிலுக்கான சனது (உரிமம்) பறிபோயிருந்தது. கடை வைத்துப் பார்த்தார், கைகொடுக்கவில்லை. பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சனது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நாட்டுக்காகச் சிறை போனவரையும் கேரட் திருடனையும் ஒரே தட்டில் வைக்கிறானே என்று அடுத்த கடிதம் வரும். வைக்கவில்லை ஐயா. அவ்வளவு பெரிய மனிதருக்கே பிழைப்பு திரும்ப இன்னொருவர் கையெழுத்து வேண்டியிருந்தது என்கிறேன்.

உங்கள் ஊர் நகராட்சியில் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: இரவுத் தங்குமிடத்தில் எத்தனை கட்டில், கடைசி பஸ்ஸில் வருகிறவருக்குக் கதவு திறக்குமா? பதிலை அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.