சம்பளம் முழுக்க காப்பகத்துக்கே போனால் வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

"மாதச் சம்பளம் அப்படியே குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறது, பிறகு எதற்கு வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு தொடங்கிய இடத்திலேயே பிசகு. குழந்தை இருவருக்கும் பொது; கட்டணத்தை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்?

அது கிடக்கட்டும். நீங்கள் இருப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். அங்கே 2023இல் ஆளுநர் ஃபில் ஸ்காட் வீட்டோ செய்தும் சட்டமன்றம் விடாமல் நிறைவேற்றிய, காப்பகக் கட்டணத்துக்கு அரசு உதவி தரும் 76ஆம் எண் சட்டம் இருக்கிறது. கட்டண உதவிக்கான வருமான வரம்பு கூட்டாட்சி அரசின் வறுமைக்கோட்டில் 575 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் மடங்கு வரை, உயர்ந்திருக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலரை ஒட்டி வரும். "உதவியெல்லாம் ஏழைகளுக்கு" என்று நீங்களாகவே ஒதுங்கிக்கொண்டிருந்தால், இன்றே விண்ணப்பியுங்கள். வருமானம் ஏற ஏற உங்கள் பங்கும் ஏறும்; முழுக்க இலவசம் என்று எண்ண வேண்டாம்.

இதற்கான பணம் 2024 ஜூலை முதல் சம்பளத்தின் மீது விதிக்கும் 0.44 சதவீத வரியிலிருந்து வருகிறது. அதில் கால் பங்கு வரை நிறுவனம் ஊழியரிடம் பிடிக்கலாம். பே ஸ்லிப்பைப் பாருங்கள், நீங்களும் கட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

முக்கியமானது இனிமேல்தான். பொதுவாக இந்த உதவி, பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இருப்பதை வைத்தே கிடைக்கிறது. செலவு தாங்கவில்லை என்று வேலையை விட்டால், செலவைக் குறைக்கும் வழியும் அடைபடலாம். கூடவே ஓய்வூதியச் சேமிப்பு, ஊதிய உயர்வு, திரும்பி வரும்போது ரெஸ்யூமில் விளக்க வேண்டிய இடைவெளி. கைக்குழந்தைச் செலவுதான் உச்சம். பள்ளிக்குப் போனதும் இறங்கிவிடும். வேலையில் விட்ட படியோ அவ்வளவு சுலபமாகத் திரும்பக் கிடைக்காது.

கணவருக்கு நியூ மெக்சிகோவில் வேலை வரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே 2025 நவம்பர் 1 முதல் காப்பகக் கட்டண உதவிக்கான வருமான வரம்பையே எடுத்துவிட்டார்கள். அவருடைய சம்பளப் பேச்சில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சட்டம் கட்டணத்தைத்தான் குறைக்கும், ஆள் தராது. வெர்மான்ட் காப்பகங்களில் கைக்குழந்தைகள் நால்வருக்கு ஒரு பணியாளர் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதே பாடு. அதனால் இடம் எளிதில் கிடைக்காது. இரண்டு மூன்று காப்பகங்களின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்துக்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கு வேலை நேரத்தைக் குறைத்துத் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். எத்தனை மணி நேரம் வரை குறைத்தால் உதவித்தொகை பாதிக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.