தியத்தலாவைக்குப் போக விரும்பும் மகனின் தந்தைக்கு

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த சனிக்கிழமை ஹட்டனில் என்னைச் சந்தித்தபோது, மகன் தியத்தலாவையில் பயிற்சி பெற்று இராணுவ அதிகாரியாக விரும்புகிறான் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த நீலக் கோப்பை நெடுநேரம் திறக்காமலே மடியில் வைத்திருந்தீர்கள். போர்க்காலத்தைக் கண்ட தமிழ்த் தந்தை ஒருவருக்கு அந்தத் தயக்கம் வருவது இயல்பே. அதை மகனிடம் மறைக்காமல் பேசுங்கள்; ஆனால் தமிழருக்கு அங்கே வழியே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

1949ஆம் ஆண்டு உருவான நமது இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் ஒரு தமிழர். ஒக்ஸ்போர்டில் படித்துப் பாரிஸ்டரான அன்ரன் முத்துக்குமாரு 1955 முதல் 1959 வரை அப்பதவியை வகித்து, பின்னர் வெளிநாடுகளில் இலங்கையின் தூதுவராகவும் பணியாற்றினார். அவர் கொழும்பில் ஆங்கிலக் கல்வி பெற்ற குடும்பத்தவர் என்பதால், தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து புறப்படும் உங்கள் மகனுடைய பாதை அவருடையதைவிடக் கடினமானது.

மூத்த அதிகாரி என்ற நிலை தியத்தலாவை இராணுவக் கல்விக்கழகத்தில் பயிற்சி முடிந்ததும் வந்துவிடுவதில்லை. இரண்டாம் லெப்டினன்டாக வெளியேறும் இளைஞர் ஏறக்குறைய 30 சிப்பாய்களின் உணவு, விடுமுறை, வீட்டுக் கவலை வரை பொறுப்பேற்கத் தொடங்கி, கப்டன், மேஜர் என உயர்ந்து, மாக்கொலையிலுள்ள கட்டளை மற்றும் பதவிநிலைக் கல்லூரி போன்ற இடங்களில் மீண்டும் மாணவராக அமர்ந்து, லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர் ஆவதற்குள் பல பத்தாண்டுகள் கடந்துவிடும். மேலே போகப் போக வெற்றிடங்களும் குறைந்துவிடும். ஆகவே, நட்சத்திரப் பட்டிகளை விரும்புகிறானா, 30 பேரைப் பார்த்துக்கொள்ளும் அந்த முதல் வேலையை விரும்புகிறானா என்று மகனிடம் கேளுங்கள். பல்கலைக்கழகப் பட்டத்தோடு அதிகாரியாக வேண்டுமென்றால் இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது சிங்களம். உடற்பயிற்சியை ஆறு மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம்; சிப்பாய் ஒருவர் தன் தாயின் நோயைப் பற்றிச் சொல்லும்போது அதன் பொருளோடு தொனியும் விளங்கும் அளவுக்கு மொழி வர ஆண்டுகள் வேண்டும். உயர்தரப் பரீட்சை முடியும்வரை காத்திராமல், பேச்சும் எழுத்துமாக இன்றே தொடங்கட்டும். பாடசாலையில் மாணவர் படையணி இருந்தால் அதிலும் சேரட்டும்.

கடைசியில் நீங்கள் கோப்பைத் திறந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். மகனின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஒரு விதமாகவும், பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கிறது. தோட்டங்களில் அந்நாளில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியதால் நம்மில் பலருக்கு நேர்ந்த குறை இது. விண்ணப்பம் கோரப்பட்ட பிறகு திருத்த ஓடினால் நாட்கள் போதாது. பிரதேச செயலகத்தில் பதிவாளரை இந்த மாதமே பாருங்கள்.

பாடசாலை விடுமுறையில் இருவரும் ஹட்டனில் பதுளை ரயிலேறி, பட்டிப்பொல, ஹப்புத்தளை கடந்து தியத்தலாவையில் இறங்கிப் பாருங்கள். அந்தக் குளிரையும் மேடுகளையும் மகன் நேரில் காணட்டும். திரும்பி வந்ததும், அவனை அழைத்துக்கொண்டு, கோப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்; அடுத்த முறை நான் அவனிடம்தான் அதிகம் பேச வேண்டும்.