பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் மைஎஸ்க்யூஎல்அட்மின் உள்ளே விடவில்லையா?

வணக்கம் நண்பரே. பெங்களூரு ஆபீசில் புது உபுண்டு சர்வர். சரியான ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்ட் கொடுத்தும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை நிர்வகிக்கும் மைஎஸ்க்யூஎல்அட்மின் கட்டளை ‘அக்சஸ் டினைட்’ (அனுமதி மறுப்பு) பிழை காட்டுகிறது, ரூட் உரிமையோடு ஓட்டும் சூடோவை முன்னால் போட்டால் மட்டும் மைஎஸ்க்யூஎல் பாஸ்வேர்ட் கேட்காமலே வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்திலேயே விடை இருக்கிறது.

உபுண்டுவில் ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைக்காமல் மைஎஸ்க்யூஎல்லை நிறுவினால், அந்தக் கணக்கு ஆத்-சாக்கெட் என்ற, ஆளைச் சரிபார்க்கும் பிளக்இன்னோடு வரும். அது பாஸ்வேர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கட்டளையை ஓட்டுகிற லினக்ஸ் பயனர் ரூட்தானா என்று மட்டும் பார்க்கும். சந்தேகமிருந்தால் சூடோவோடு உள்ளே போய், யூசர் அட்டவணையில் பிளக்இன் என்ற பத்தியைப் பாருங்கள். ரூட்டைப் பாஸ்வேர்டுக்கு மாற்றலாம்தான், ஆனால் நான் அதைத் தொடமாட்டேன். வேலைக்குத் தேவையான உரிமைகளோடு தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

புதுக் கணக்கிலும் அதே பிழை வந்தால் செய்தியின் வாலைக் கவனியுங்கள். ‘யூசிங் பாஸ்வேர்ட்: நோ’ என்றால் பாஸ்வேர்ட் போகவே இல்லை. ‘எஸ்’ என்றால் போயிருக்கிறது, ஒத்துப்போகவில்லை. அப்புறம், பாஸ்வேர்டுக்கான ‘-பி’க்குப் பின்னால் இடம் விட்டுப் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள், அதை ஒரு கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். வெறும் ‘-பி’ போட்டு, கேட்கும்போது அடியுங்கள். ஸ்கிரிப்டுக்கு என்றால் ஹோம் டைரக்டரியில் ‘.மை.சிஎன்எஃப்’ கோப்பில் பாஸ்வேர்டை எழுதிவையுங்கள், அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத). பாஸ்வேர்டில் # இருந்தால் மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து மிச்சத்தைக் குறிப்பு என்று விட்டுவிடும்.