ஆத்திகரும் நாத்திகரும் ஆன்லைன்ல பேச ஆரம்பிச்சாலே ஏன் சண்டைல போய் முடியுது?

கேள்வி என்னன்னா, கடவுள நம்புறவங்களும் நம்பாதவங்களும் நேர்ல நல்லாத்தான் பழகுறாங்க, ஆன்லைன்ல மட்டும் நாலு பதில் தாண்டுறதுக்குள்ள ஏன் வசவுல இறங்கிடுறாங்கன்னு.

நான் நம்பாத ஆளு. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ என் பக்கத்து ஆளுங்களயும் திட்டப் போறேன்.

நான் பாத்த வரைக்கும் இந்த சண்டைல முக்கால்வாசி கடவுள் இருக்காரா இல்லையாங்கறத பத்தியே கிடையாது. நம்புறவர் கோவப்படுறது எதிர்ல எழுதுற ஆள் மேல இல்ல, எப்பவோ எவனோ அவர் வீட்ல கும்பிடுற சாமிய கேவலமா பேசிட்டுப் போனான் பாருங்க, அவன் மேல. நம்பாதவரும் அதே மாதிரிதான், சின்ன வயசுல ஒரு கேள்வி கேட்டதுக்கு வாய மூடுன்னு அடக்கி உக்கார வெச்ச பெரியவருக்கு அன்னைக்கு சொல்ல முடியாம போன பதில இன்னைக்கு முன்னபின்ன தெரியாத ஒருத்தர் கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கார். யாருக்கோ குடுக்க வேண்டியத வேற யாருக்கோ குடுத்தா அவங்களுக்கு வலிக்கத்தானே செய்யும், உடனே அவங்களும் திருப்பி அடிக்கிறாங்க.

நேர்ல இது ஏன் நடக்கலன்னா எதிராளியோட முகம் தெரியுது. ஜான் சூலர்னு ஒரு உளவியலாளர் 2004ல இதப் பத்தி எழுதியிருக்கார், பேரு தெரியாது, ஆள் தெரியாது, பதில் உடனே வரணும்னும் இல்ல, இதெல்லாம் சேரும்போது மனுஷனுக்கு இருக்குற கூச்சமும் தயக்கமும் கழண்டு போயிடுதுன்னு. இன்னொன்னு 2017ல வந்த ஒரு ஆய்வு, ட்விட்டர்ல அரசியல் விவாதங்கள எடுத்துப் பாத்தாங்க, சரி தப்புங்கற அறமும் உணர்ச்சியும் கலந்த வார்த்தை ஒன்னு கூடக் கூட அந்தப் பதிவு பரவுறது சுமார் 20 சதவீதம் கூடுது, அதுவும் தன் பக்கத்து ஆளுங்களுக்குள்ளதான் அதிகமா பரவுது. அது மதத்தப் பத்தின ஆய்வு இல்ல, ஆனா நம்ம விஷயத்துக்கு அப்படியே பொருந்துதுன்னு நான் நினைக்கிறேன். நாம எழுதுறது எதிராளி மனசு மாறணும்னு இல்ல, நம்ம பின்னாடி நின்னு கை தட்டுற கூட்டத்துக்கு.

ஆனா எல்லாத்தையும் ஈகோன்னு தள்ளிடவும் முடியாது, பயம் நிஜமானது. சவூதில ரைஃப் பதாவிங்கற வலைப்பதிவர் இஸ்லாத்த அவமதிச்சார்னு 2014ல 10 வருஷ ஜெயிலும் 1000 கசையடியும் தீர்ப்பு வந்துச்சு, அடுத்த ஜனவரில 50 அடி பொது இடத்துல வெச்சு அடிச்சாங்க. 2015 பிப்ரவரில டாக்கால புத்தகக் கண்காட்சிக்கு வந்துட்டுத் திரும்பின நாத்திக எழுத்தாளர் அவிஜித் ராய வெட்டியே கொன்னாங்க, அவர் செஞ்சதெல்லாம் எழுதினது மட்டும்தான். அந்தப் பக்கம் பாத்தா அல்பேனியா, 1967ல மசூதி, சர்ச் எல்லாத்தையும் மூடி நாத்திக நாடுன்னு அறிவிச்சு, 1990 வரைக்கும் ஜனங்க வீட்டுக்குள்ள ஒளிஞ்சு பிரார்த்தனை பண்ண வேண்டியிருந்துச்சு. ஒருத்தர் இதையெல்லாம் இழுக்கும்போது அவர் சொல்ல வர்றது 'உங்க கைல அதிகாரம் வந்தா என்ன என்ன பண்ணுவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு'ங்கறதுதான். அதுக்கு நாம குடுக்குற பதில் என்ன? உங்க ஆளுங்க எத்தன பேர கொன்னாங்க தெரியுமான்னு ஒரு எண்ணிக்கை. செத்தவங்கள வெச்சு ஸ்கோர் போடுறத பாக்கும்போது எனக்கு நிஜமாவே வயிறு எரியுது.

இப்ப என் பக்கத்து ஆளுங்க. ஒரு அம்மா குழந்தைக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் பிரார்த்தனை பண்ணிக்கோங்கன்னு போடுறாங்க, அங்க போய் உன் கடவுள் எங்க போனார்னு கேக்குறதுக்குப் பேரு பகுத்தறிவு இல்லைங்க, கொடூரம். அதே மாதிரி முன்ன மாதிரி நம்ப முடியல, குழப்பமா இருக்குன்னு ஒரு பையன் எழுதினா உனக்கு நரகம்தான், நம்பிக்கை இல்லாதவனுக்கு ஒழுக்கம் எங்கேர்ந்து வரும்னு பாயுற கூட்டமும் இருக்கு. நடுவுல நிக்கிற இவங்கதான் அதிகம் அடி வாங்குறாங்க, ரெண்டு பக்கமும் கத்துறவங்களுக்கு ஒன்னும் ஆகுறதில்ல.

அறிவியல் எங்க பக்கம்னு ரெண்டு பேருமே சொல்லிக்கிறது இன்னொரு தொல்லை. பிரபஞ்சம் ஒரு சின்னப் புள்ளில இருந்து விரிஞ்சதுங்கற கருத்த முன்வெச்ச லெமைத்தர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951ல போப் அதையே படைப்புக்கு ஆதாரம் மாதிரி பேசினப்போ, ரெண்டையும் கலக்காதீங்கன்னு சங்கடப்பட்டவரும் அவரேதான். அவர எந்தப் பக்கத்துல சேப்பீங்க?

ஒழுங்கா பேசவே முடியாதுன்னு சொல்றவங்களுக்கு நான் காட்டுறது 1948ல பிபிசி ரேடியோல கடவுள நம்பாத தத்துவவாதி ரஸ்ஸலும் கத்தோலிக்கப் பாதிரியார் ஃபாதர் கோப்பிள்ஸ்டனும் பண்ணின விவாதம். ஆரம்பத்துலயே கோப்பிள்ஸ்டன் கடவுள்னா நான் இதத்தான் சொல்றேன், உங்களுக்கு சம்மதமான்னு கேக்குறார், ரஸ்ஸல் சரிங்கறார். அப்புறம் நீங்க கடவுள் இல்லவே இல்லன்னு சொல்றீங்களா, இல்ல நிரூபிக்க முடியாதுன்னு சொல்றீங்களான்னு கேட்டுக்கிட்டுத்தான் மேல போறார். கடைசி வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் மாத்தல, ஆனா எந்த இடத்துல பிரியறாங்கன்னு கேக்குற நமக்குத் தெளிவா தெரியும். பிரபஞ்சம் மொத்தத்துக்கும் ஒரு காரணம் வேணுமாங்கற இடம்தான் அது.

நானும் இப்ப அதத்தான் பண்றேன். நீங்க கடவுள்னு எத சொல்றீங்கன்னு மட்டும் கேக்குறேன். தினமும் பேசுற துணைன்னு ஒருத்தர் சொல்றார், தப்பு பண்ணவிடாம தடுக்குற பயம்னு ஒருத்தர், எல்லாத்துக்கும் அடில இருக்குற ஏதோ ஒன்னுன்னு இன்னொருத்தர். இந்த மூனுக்கும் ஒரே பதில் எப்படிங்க சொல்ல முடியும்? கேட்டதுக்கு பதில் சொல்லாம திட்டினா நான் விட்டுட்டு வந்துடுவேன், துக்கத்துல இருக்குறவங்க கிட்ட விவாதமே கிடையாது. இப்படிப் பேச ஆரம்பிச்சு ஒருத்தர் கூட இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன், ரொம்ப நம்பிக்கையானவர். ஒன்னும் அறியாத குழந்தைங்க ஏன் கஷ்டப்படணும்ங்கறதுல வந்து நிக்கிறோம். மனுஷனுக்கு சுதந்திரம் குடுத்ததோட விலைன்னு அவர் சொல்றார், மனுஷன் பண்ற கொடுமைக்கு அது சரி, நிலநடுக்கத்துக்கும் புத்துநோய்க்கும் அது எப்படிப் பதிலாகும்னு கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றேன்னு இருக்கார்.